காவலுக்குக் கண் உண்டா?

பயாப்ஸியில் வரும் நுரையீரல் திசுவைப் பார்த்து நோய் இன்னதென்று எழுதிக் கொடுப்பது என் வேலை. சைவக் குடும்பத்தில் பிறந்தவள். இறைவனின் ஐந்தொழிலையும் நம்புகிறவள். அந்த ஐந்தில் ‘காத்தல்’ எனக்குச் சிக்கலானது இந்த வேலையால்தான்.

நாம் இழுக்கும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன். அதனால்தான் உயிர் நடக்கிறது. ஆனால் செல்லுக்குள் அதில் ஒரு பகுதி, எலெக்ட்ரான் ஒன்றைக் கூடுதலாகப் பற்றிக்கொண்டு சூப்பர்ஆக்சைடாக மாறி, பக்கத்தில் இருப்பதை அரிக்கத் தொடங்கும். அதைத் தணிக்கும் நொதிக்கு சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர். 1938-இல் மானும் கெய்லினும் மாட்டு ரத்தத்திலிருந்து ஒரு செம்புப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது எதற்காக இருக்கிறது என்று தெரியவில்லை. 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் அதன் வேலையைக் கண்டு சொன்ன பிறகே, இத்தனை காலமும் நம்மைக் காத்து நின்றது அதுதான் என்று புரிந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

இந்த நொதியில் மாங்கனீசு கொண்ட வகை ஒன்று மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. ஓர் ஆய்வுக்காக அதற்குச் சாயமேற்றிய ஸ்லைடுகளைப் பார்த்திருக்கிறேன். நொதி இருக்குமிடம் பழுப்பாகத் தெரியும். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் ப்ளூரா உறை நலமாக இருந்தால், அதன் செல்களில் அநேகமாக நிறமே பிடிக்காது. அதே உறையில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் மீசோதெலியோமா என்ற புற்று வந்திருந்தால், புற்றுச் செல்களில் கருவைச் சுற்றிலும் மணல் தூவியதுபோலப் பொடிப்பொடியாக அடர்பழுப்பு. ஃபின்லாந்தில் வூக்கோ கின்னுலாவும் உடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். இந்த நொதி மிகுந்த புற்றுச் செல்கள், அவற்றைக் கொல்லக் கொடுக்கும் சில மருந்துகளையும் தாங்கிக்கொள்கின்றன. நம்மைக் காக்கும் நொதியே நம்மைத் தின்பதையும் காக்கிறது.

நொதி சடப்பொருள், அதற்கு ஆள் தெரியாது என்று சொல்லிவிடலாம். சடம் தானாக இயங்காது, இயக்குகிறவன் வேறு என்பது சைவ சித்தாந்தம். அப்படியானால் என் கேள்வி அவனிடமே போகிறது. காத்தல் அவன் தொழில் என்றால், இந்தக் காவலும் அவனுடையதா?

சித்தாந்தத்தில் இதற்கு விடை இருக்கிறது. இறைவனின் மறைப்புச் சக்தியாகிய திரோதானம், உயிரின் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலத்தின் பக்கம் நின்று அதற்கே துணைசெய்வதாகத் தெரியும். அதனாலேயே அதையும் மலங்களில் ஒன்றாக எண்ணினார்கள். உண்மையில் மலம் பக்குவப்பட்டுக் கழல்வதற்காகவே அது உடன் நிற்கிறது, அதுவும் அருள்தான். என் கோபத்துக்கும் பிடிவாதத்துக்கும் இந்த விடையை முழுமனதோடு ஏற்கிறேன்.

கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியே பிழைத்த பெரியவர் ஒருவருக்கு மீசோதெலியோமா. ரிப்போர்ட் வாங்க வந்த மகன், “எங்கப்பா யாருக்கு என்ன கெடுதல் பண்ணாரு டாக்டர்?” என்று கேட்டார். அவரிடம் மலம் பக்குவப்படும் மலபரிபாகம் பேச எனக்கு வாய் வராது, வரவும் கூடாது. தன் நோவுக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய விடை அது. அடுத்தவர் நோவுக்குச் சொன்னால் கொடுமை. அந்தத் தூசி கெடுதல் என்று தெரிந்தும் வெறும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்ன முதலாளிக்குக் கண் இருந்தது. இறைவனிடம் கேட்பதற்குமுன் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டாக வேண்டும். நொதிக்கு இல்லாத அறிவை இறைவன் மனிதனுக்குக் கொடுத்திருக்கிறான். காத்தலில் நம் பங்கு அதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

தூசி உள்ளே போய் முப்பது, நாற்பது ஆண்டு கழித்தும் வரும் நோய் இது. “அப்பா ஒரு கெடுதலும் பண்ணலைங்க. அவர்கூட வேலை பார்த்தவங்க யார் யார், எங்கே இருக்காங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. எல்லாரையும் நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டணும்” என்றேன்.