பேரனுக்கு ஒரு பங்கு

மகன் மௌத்தாகிவிட, அவன் பிள்ளைகளைப் பாட்டனார் வளர்க்கிறார். அவருக்கு வேறு ஆண்மக்கள் இருப்பின், அப்பேரர்களுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. இது நீதியா என வினவுவோர், ஷரீஅத் திறந்துவைத்த வாசலைக் கவனிப்பதில்லை. அடக்கச் செலவும் கடன்களும் போக எஞ்சுவதில் மூன்றிலொரு பங்குவரை, வாரிசு அல்லாதாருக்கு வஸிய்யத் செய்யலாம். வாரிசு அல்லன் என்பதே இங்கு பேரனுக்குத் தகுதியாகிறது! எகிப்து 1946ஆம் ஆண்டிலேயே இத்தகைய வஸிய்யத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டிலோ அது பாட்டனாரின் மனத்தைப் பொறுத்தது. அப்படியாயின், நீதி குறைந்தது ஷரீஅத்திலா, எழுதாத கையிலா?

முஸ்லிமின் வஸிய்யத் வாய்மொழியாகவும் செல்லும். எனினும் இரு சாட்சிகளோடு எழுதிவைப்பதே நலம். பாகம் பிரிக்கும் வேளையில் சிறிய தந்தையரின் ஞாபகம் சற்றே மங்குவதுண்டு. எழுதியதை, உயிரோடிருக்கும்வரை மாற்றவும் பாட்டனாருக்கு உரிமை உண்டு.