கூடாரமும் குடிசையும்

வெட்டவெளியில் படுத்துத் தூங்குவது, சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டுவது, தண்ணியை அளந்து அளந்து குடிப்பது, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புதர்ப் பக்கம் ஒதுங்குவது. நம் சேரிகளில் இதற்குப் பெயர் இல்லாமை. அரசாங்க அறிக்கையில் 'பின்தங்கிய நிலை'. இதையே ஆப்பிரிக்கக் காட்டில், வாடகை வண்டியின் கூரைமேல் கூடாரத்தை விரித்து, கூட்டாளிகளோடு செய்தால் 'சஃபாரி' என்கிறார்கள். செயல் ஒன்றுதான், செய்கிறவன்தான் வேறு. ஒருத்தனுக்கு இழிவாக இருப்பது இன்னொருத்தனுக்கு எப்படிச் சாகசமாகிறது என்ற கேள்வியை, போட்ஸ்வானா நாட்டின் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தை வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. நண்பர்கள் நாலு பேர் அங்கே ஒரு வாரம் நாங்களே வண்டியோட்டித் திரிந்தோம். ஆனால் கேள்வி எங்கள் பயணத்துக்கு முன்பே நீதிமன்றம் ஏறி இறங்கிவிட்ட ஒன்று.

மவூன் என்ற ஊரில் வண்டியை எடுக்கிறார்கள். இரண்டு உபரி டயர், டீசல் கேன், தண்ணி கேன், அரிசி பருப்பு எல்லாம் ஏற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே கடை கிடையாது, குடிதண்ணி கிடையாது. மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றை இறக்கி ஓட்டணும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் புல்விதை ரேடியேட்டரை அடைத்து வண்டி கொதித்துவிடும்; அடிக்கடி நிறுத்திச் சுரண்டிப் போட வேண்டும். தங்குமிடம் என்பது மரத்தடியும் சாம்பல் குழியும்தான், வேலி இல்லை. ராத்திரி சிங்கம் கத்தினால் நெஞ்சுக்கூடு அதிர்கிறது. விடிகாலையில் நீண்ட கொம்போடு ஜெம்ஸ்பாக் மான்கள் வறண்ட படுகையைக் கடந்து போவதைப் பார்க்கிறபோது வாய் அடைத்துப் போகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? "குடிசையில பொறந்தவன் குடிசை மாதிரி ஒண்ணுல தூங்கறதுக்கு டாலர் கட்டியிருக்கேன்டா" என்றார் எங்களில் ஒருவர். சிரித்தோம்.

சிரிப்புக்குப் பின்னால் இருக்கிற வரலாறு இது. ஏறத்தாழ 52,800 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு பரப்புள்ள இந்தக் காப்பகம் பிரிட்டிஷ் ஆட்சியில் 1961ல் அறிவிக்கப்பட்டது. விலங்குகளுக்காக மட்டும் அறிவித்ததில்லை. அங்கே வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த குய், கானா முதலான மக்கள் தங்கள் நிலத்திலேயே வாழ வேண்டும் என்பதும் நோக்கம். மக்களுக்கென்று நிலத்தை ஒதுக்கச் சட்டத்தில் வழி இல்லாததால் 'விலங்குக் காப்பகம்' என்ற பெயரில் ஒதுக்கினார்கள். பிறகு அந்தப் பெயரை வைத்தே மனிதர்களை வெளியேற்றினார்கள். 1997ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காப்பகத்துக்கு வெளியே புதிய குடியிருப்புகளுக்கு ஏற்றப்பட்டார்கள். 2002ல் மிச்சமிருந்தவர்களுக்கும் தண்ணி நிறுத்தப்பட்டது. ஆழ்துளைக் கிணற்றின் இயந்திரம் கழற்றப்பட்டது.

அரசு சொன்ன நியாயங்களைக் கவனியுங்கள். இவர்கள் பழங்கால வாழ்க்கையில் கிடக்கிறார்கள், பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் வெளியே கொண்டுவந்து முன்னேற்ற வேண்டும் என்பது ஒன்று. இவர்கள் பழைய மாதிரி இல்லை, குதிரையும் கழுதையும் ஆடும் வைத்திருக்கிறார்கள், ஆகவே வனவிலங்கோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்பது இன்னொன்று. மாறாதிருந்தாலும் வெளியே போ, மாறினாலும் வெளியே போ. ஒரு குடும்பம் வைத்திருக்கும் பத்து ஆடு காட்டுக்கு ஆகாது. எங்கள் இரண்டு டன் வண்டியும் குளிர்பெட்டியும் ஆகும். இந்த இருமுனைக் கத்தி நமக்குத் தெரியாததா? அழுக்காக இருந்தால் அழுக்கு என்பான், வெள்ளைச் சட்டை போட்டால் திமிர் என்பான்.

கூடாரவாசி தானே விரும்பி அந்த வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறான், குடிசைவாசிக்கு அது தலையில் கட்டப்பட்டது, ஆகவே சுதந்திரமான தேர்வுதான் வித்தியாசம் என்று மேலோட்டமாக ஒரு பதில் சொல்லலாம். நம் சேரிகளுக்கு அது ஓரளவு பொருந்தும். கலஹாரியில் உடைகிறது. அந்த மக்கள், இங்கேதான் வாழ்வோம் என்று வழக்குப் போட்டார்கள். அதைவிடத் தெளிவாக ஒரு தேர்வை எப்படித் தெரிவிப்பது? 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர், அவர்கள் அங்கே வாழ்ந்தது சட்டப்படியானது, சம்மதமின்றி அகற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் நாவலாசிரியருமான யூனிட்டி டவ். அதே தீர்ப்பில், குடிநீர் முதலான வசதிகளைத் திரும்பத் தரவேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை என்றும் ஆயிற்று. போய் வாழு, தண்ணி கேட்காதே. மூடிய கிணற்றைத் தங்கள் செலவிலேயே திறந்துகொள்ள 2011 ஜனவரி வரை, மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவர்களை நடத்திய விதம் இழிவுபடுத்துவது என்று அந்த நீதிமன்றம் சொன்னது. இந்த இழுபறி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, காப்பகத்துக்குள் சுற்றுலா விடுதிக்குக் கிணறு இருந்தது.

ஆக, வித்தியாசம் தேர்வில் இல்லை. கூடாரவாசி போய்விடுவான், அதுதான் அவன் தகுதி. அவன் நிலத்தின்மேல் உரிமை கோர மாட்டான், பிள்ளை பெற்று வளர்க்க மாட்டான், அங்கே செத்துப் புதைக்கச் சொல்ல மாட்டான். ஒரு வாரத்துக்கு ரசீது வாங்குகிறான். போகிறவனைக் காடு தாங்கும், இருக்கிறவனைத் தாங்காது என்பதே இந்தப் பாதுகாப்புத் தத்துவம். நாங்கள் அனுபவித்த 'மனிதர் தொடாத தனிமை' இயற்கை தந்ததில்லை. லாரிகளில் ஏற்றி உருவாக்கப்பட்ட காலியிடம் அது.

அப்படியானால் விலங்குகள் அழிந்து போகட்டுமா என்று பயணத்திலேயே வாக்குவாதம் வந்தது. ஞாயமான கேள்விதான். ஆனால் கலஹாரியில் விலங்கைக் கொன்றதன் கணக்கைப் பார்க்கணும். மாட்டிறைச்சி வியாபாரத்துக்காகக் கோமாரி நோயைத் தடுக்கிறோம் என்று 1950களின் கடைசியில் காப்பகத்தின் வடக்கில் குக்கே வேலியைப் போட்டார்கள். 1980களின் வறட்சியில் தண்ணி தேடிப் போன வில்டபீஸ்ட் மந்தைகள் வேலிகளில் முட்டி, பல்லாயிரக்கணக்கில் செத்தன. வில்லும் அம்பும் செய்த வேலையில்லை அது. 2014ல் நாடு முழுக்க வேட்டைக்குத் தடை போட்டபோது, தனியார் பண்ணைகளில் காசு கட்டிச் சுடுகிறவர்களுக்கு விலக்கு இருந்தது. தின்பதற்குக் கொன்றால் திருட்டு, சுவரில் மாட்டுவதற்குக் கொன்றால் பொழுதுபோக்கு. 2019ல் அந்தத் தடையையும் எடுத்துவிட்டார்கள்.

இதை வெள்ளையர் செய்த கொடுமை என்று மட்டும் எழுதி முடித்துவிட முடியாது. வெளியேற்றியது விடுதலை பெற்ற கறுப்பின அரசு. வெள்ளையர் வருவதற்கு முன்பிருந்தே மாட்டுமந்தை வைத்திருந்த த்ஸ்வானா மேட்டுக்குடிகளிடம் இம்மக்கள் பரம்பரை அடிமைகளாகக் கிடந்தார்கள். குழந்தைகளும் சொத்துப்போலக் கைமாறினார்கள். புஷ்மென், பசார்வா, சான் என்று அவர்களைக் குறிக்கிற பொதுப்பெயர் எதுவும் அவர்கள் தாங்களே வைத்துக்கொண்டதில்லை. ஊரான் வைத்த பெயரைச் சுமந்து திரிவது எப்படி இருக்கும் என்று 'ஹரிஜன்' என்று கூப்பிடப்பட்ட நமக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆப்பிரிக்கா என்றாலே ஒடுக்கப்பட்ட ஒரே கறுப்பு உடல் என்று மேடையில் பேசுகிற தோழர்கள், அந்த உடலுக்குள்ளும் ஊரும் சேரியும் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

காப்பகத்தில் பிறந்த ஒரு முதியவர் 2021 டிசம்பரில் இறந்தார். முன்னோர் கிடக்கிற மண்ணில், மெட்சியமனோங்கில் புதைக்க வேண்டும் என்றது குடும்பம். கூடாது என்றது நிர்வாகம். நீதிமன்றங்களும் அதையே உறுதி செய்தன. பிணம் மூன்று வருஷத்துக்குக் கிட்ட பிணவறையில் கிடந்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம், பாதை மறுக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்தின்மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்களே, அதைப் பார்த்த கண்ணுக்கு இந்தப் பிணவறை தூரமில்லை. 2024 நவம்பரில் ஆட்சி மாறியது. இம்மக்களுக்காக முன்பு வாதாடிய வழக்கறிஞர் டூமா போக்கோ குடியரசுத் தலைவரானார். டிசம்பரில் முதியவரைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள்.

2006 தீர்ப்பு வழக்குப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு வருஷக்கணக்கில் வியாக்கியானம் செய்தது. பட்டியலில் இல்லாத சொந்தக்காரர்கள் உள்ளே போக அனுமதிச்சீட்டு வாங்கினார்கள், நாள் முடிந்தால் திரும்ப வேண்டும். மட்ஸ்வேரே வாசலில் நாங்களும் சீட்டைத்தான் காட்டினோம். காவலர் வண்டி எண்ணையும் எத்தனை ராத்திரி என்பதையும் எழுதிக்கொண்டு, சிங்கம் வந்தால் கீழே இறங்காதீர்கள் என்று சொல்லித் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார்.