மௌனம் சம்மதமா?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்குத் தெரியும். மூங்கிலில் பின்னிய அந்த வட்டக் கூடையில் இஷ்டத்துக்குப் போய் உட்கார முடியாது. 'நீங்க இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம்' என்பார் பரிசல்காரர். ஒரு பரிசலுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. 'சின்னப் பையன்தாங்க, மடியில வெச்சுக்கறோம்' என்று கெஞ்சினாலும் நல்ல பரிசல்காரர் மசிய மாட்டார். பாரம் தெரியாமல் கரையை விடுவது அவருக்கு வழக்கமில்லை.

வீட்டு கம்ப்யூட்டர் விஷயத்தில் நாம் அப்படி இல்லை. 'வாங்கினப்போ பறந்துச்சு. இப்ப ஆன் பண்ணிட்டுப் போய் காபியே குடிச்சிட்டு வந்துடலாம்' என்று அலுத்துக்கொள்கிறோம். பழசாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதி, புதுசுக்கு விலை விசாரிக்கிறோம். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் கூடவே யார் யார் எழுந்துகொள்கிறார்கள் என்று பட்டியல் இருக்கும். என்றோ ஒருமுறை பேசிய வீடியோ கால் மென்பொருள், எடைக்குப் போட்டுவிட்ட பிரிண்டரின் உதவியாளர், ஆறு மாதமாகத் திறக்காத விளையாட்டு, அதற்கு அப்டேட் தேடும் இன்னொருவர். எல்லோரும் ஒரே பரிசலில்!

இவர்களை யார் ஏற்றியது? கேட்டால் கம்பெனிக்காரர் பதில் தயாராக வைத்திருப்பார்: 'நீங்கதானே ஓகே சொன்னீங்க?' வாஸ்தவம். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று அழுத்தினோம். நடுவே ஒரு கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். நாம் எடுக்கவில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம்ம ஊர் வழக்கு. பெண் பார்க்கும் படலத்தில் எத்தனையோ பெண்களின் தலையெழுத்தை எழுதிய வழக்கு. அங்கேயே அது நியாயமில்லை என்று ஆனபிறகு, இங்கே மட்டும் எப்படி நியாயம்?

2005-ல் நடந்ததைக் கேளுங்கள். சோனி பி.எம்.ஜி. நிறுவனம் சில பாட்டு சி.டி.க்களில் ஒரு மென்பொருளைச் சேர்த்து வைத்தது. கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டால் அது உள்ளே போய்விடும். தன்னை மறைத்துக்கொண்டு, என்னென்ன ஓடுகிறது என்று இரண்டு விநாடிக்கு ஒருமுறை வேவு பார்க்கும். மார்க் ருஸ்ஸினோவிச் என்ற வல்லுநர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ஓகே சொன்ன ஒப்பந்தத்தில் இந்த ஒளிந்துகொள்ளும் வித்தை பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்குகள் வந்தன. சி.டி.க்கள் திரும்பப் பெறப்பட்டன.

சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. இணையதளங்கள் நம் தகவலைச் சேகரிக்கும் விஷயத்தில், முன்கூட்டியே போட்டு வைத்த டிக் சம்மதமாகாது என்று 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டில் 2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது தெரிந்து, தெளிவாக, ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்கிறது.

சரி, டிக் போட்டவன்மேல் தப்பு. பார்க்காதவன்மேல்? கொஞ்சம் உண்டு என்பேன். முதல் நாள் தெரியாமல் ஏறியவனுக்கு நாம் பொறுப்பில்லை. பட்டியலைத் திறந்து பார்த்தபிறகும் 'கிடக்கட்டும்' என்று விட்டால், அன்றிலிருந்து அவன் நம் சம்மதத்தோடுதான் பயணம் செய்கிறான்.

அதற்காகக் கோபத்தில் எல்லோரையும் இறக்கிவிடாதீர்கள். பின்னால் ஓசையில்லாமல் வேலை செய்பவர்களில் காவல்காரரும் உண்டு. வைரஸ் தடுப்பு அப்படித்தான். முதலில் அளந்து பாருங்கள். ஒகேனக்கல்லுக்கு வரும் காவிரியை அதற்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தபோதும் கணக்கு அந்த இடத்தில்தான். அளவு இல்லாவிட்டால் மிஞ்சுவது சண்டை மட்டும். டாஸ்க் மேனேஜரும் ஒவ்வொருவர் எவ்வளவு பாரம் என்று எழுதி வைத்திருக்கிறது. வேண்டாதவரை 'டிஸேபிள்' செய்தால் போதும். மென்பொருள் அழிந்துவிடாது. கூப்பிட்டால் வரும், கூப்பிடாமல் வராது. பெயர் புரியாததைத் தெரிந்தவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கம்ப்யூட்டராவது பட்டியல் கொடுக்கிறது. நமக்குள்ளும் காலையில் கண் விழித்ததும் தானாக ஓட ஆரம்பிக்கிறவை உண்டு. தாத்தா காலத்து வரப்புத் தகராறு. 'அவங்க என்ன ஆளுங்க?' என்று விசாரிக்கும் புத்தி. பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்து வரும் புழுக்கம். இதில் எதற்கும் நீங்கள் ஓகே சொன்னதில்லை. நீங்கள் பேசத் தெரியாத வயதில் வேறு யாரோ டிக் போட்டார்கள். அது உங்கள் குற்றமில்லை.

ஆனால் இன்றைக்கு உங்களுக்கு வயசாகிவிட்டது. பட்டியலும் தெரியும். நாளைக் காலையில் அது ஓடினால், ஓடவிட்டது நீங்கள்தான்.