பெயரில் மட்டும் புதிது

ரஷ்யாவின் நோவ்கோரோத் என்ற பெயருக்குப் புதுநகர் என்று பொருள். வயதோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது! வோல்கவ் ஆற்றங்கரையில் 1045–1050இல் எழுந்த சோபியா பேராலயம் இன்றும் நிற்கிறது: வெள்ளைச் சுவர்கள், போர்வீரனின் தலைக்கவசம் போன்ற குவிமாடங்கள், நடுவிலுள்ளதற்கு மட்டும் பொன்முலாம். 1136இல், பிடிக்காத இளவரசரை ஊரைவிட்டே அனுப்பியவர்கள் இந்நகர மக்கள். ஊர்மன்றத்தைக் கூட்ட ஒரு மணி வைத்திருந்தார்கள். 1478இல் மாஸ்கோவின் ஆட்சியாளர் மூன்றாம் இவான் நகரத்தை அடக்கியதும் அந்த மணியைக் கழற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார். பேராலயத்தை இடிக்கவில்லை; மணியின் நாக்குதான் அவரை உறுத்தியது போலும். பேராலயச் சுவரிலோ, அக்காலத்துச் சாமானியர்கள் கூரிய முனையால் கீறிய வேண்டுதல்களும் கிறுக்கல்களும் அப்படியே இருக்கின்றன.