கனவினும் மறவாமை



இரவுதோறும் நாம் ஓர் உலகத்தை விட்டு மற்றோர் உலகத்துட் புகுகின்றோம். ஆண்டு உற்றாரைக் கண்டு மகிழ்தலும் புலியைக் கண்டு வெருவுதலும் நிகழ்கின்றன. 'இது கனவு' என்னும் உணர்வுமட்டும் தோன்றுவதில்லை. பகலில் அறிவுடையேம் எனத் தருக்கும் உயிர், சில நாழிகைக்குள் தன் நிலையை மறத்தற்குக் காரணம் என்னை? மறவாமைக்கு உபாயம் உண்டோ? இவ்விரண்டினையும் ஈண்டு ஆராய்வாம்.

உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்றென்றும், சகசமலத்தால் மறைப்புண்டு, அமைச்சரோடு கூடிய அரசன்போல நின்று ஐந்தவத்தைப்படும் என்றும் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் உணர்த்திற்று. இலாடத்தானமாகிய சாக்கிரத்திற் கருவிகள் 35. அவை ஞானேந்திரியம் 5, கன்மேந்திரியம் 5, சத்தாதி 5, வசனாதி 5, வாயு 10, அந்தக்கரணம் 4, புருடன் 1 என்பன. கண்டத்தானமாகிய சொப்பனத்தில் இந்திரியம் பத்தும் நீங்க 25 நிற்கும். இருதயத்தானமாகிய சுழுத்தியிற் சித்தம், பிராணன், புருடன் என 3. நாபியாகிய துரியத்திற் பிராணனும் புருடனும் என 2. மூலாதாரமாகிய துரியாதீதத்திற் புருடன் ஒன்றே. உலாப்போந்த அரசன் வாயில்தோறும் தன் பரிசனத்தை நிறுத்தித் தனியே உட்புகுதல் போலும் இது.

இக்கணக்கினை ஏட்டளவில் விடாது உற்றுநோக்குக. கனவிற் கண்ணுஞ் செவியும் தொழிற்படா. மனமுதலிய நான்குமே தொழிற்படும். ஆதலிற் பகலில் அந்தக்கரணங்களிற் படிந்ததே இரவில் விளைவது. பொருளீட்டத்தையே எண்ணியவன் கனவினுங் கணக்கெழுதுவன். மேலும், மனம் புத்தி அகங்காரங்கள் ஒடுங்கிய சுழுத்தியினுஞ் சித்தம் நிற்றலால், சித்தத்திற் பதிந்ததொன்றே நெடிது உடன்வருவது என்பது பெறப்படும்.

மேனாட்டாரும் இதனை ஒருவாறு ஆராய்ந்தனர். கனவைக் கனவென்று அறிந்தே காணும் நிலையைக் குறித்து ஒல்லாந்து தேசத்து வைத்தியர் வான் ஈடன் என்பார் 1913 ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டனர். 1975 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்திற் கீத் ஹேர்ன் என்பார், துயில்வான் ஒருவன் கனவுக்குள் இருந்தே, முன்னர்க் குறித்தவாறு கண்களை அசைத்து அடையாளங் காட்டியதைக் கருவியாற் பதிவுசெய்தனர். 'யான் காண்பது நனவோ கனவோ' எனப் பகலிற் பலமுறை வினவிப் பழகின் அவ்வினா கனவினும் எழும் என்றனர் ஜெர்மானியராகிய பால் தோலி என்பார்.

அங்ஙனமாயின் அதுவே ஞானமாகாதோ எனின், ஆகாது. கனவென்று அறிந்தவன் விரும்பியவாறு பறத்தலும் விரும்பிய போகத்தைத் துய்த்தலுமே செய்வானாயின், 'யான் எனது' என்னுஞ் செருக்குப் பகலினின்றும் இரவிற்குங் குடிபுகுந்ததேயன்றி மலம் ஒருசிறிதுந் தேய்ந்திலது. விளக்கேற்றி அவ்வொளியிற் சூதாடினாற்போலும் அது. உயிர் உணர்த்த உணர்வதேயன்றித் தானே உணர்வதன்று. ஆகலின் 'இது கனவு' என்னும் அறிவினும், 'இவ்வறிவை உணர்த்துவோன் சிவன்' என்னும் நினைவே வேண்டப்படுவது.

இதற்குப் பயிற்சி யாதெனின், கூறுதும். உண்ணுங்காலும் வழிநடக்குங்காலும், சிறப்பாகச் சினம் எழுந்தவிடத்தும், சிறிது நின்று, 'காண்பது கண், நினைப்பது மனம், இவற்றைக்கொண்டு அறிவது உயிர், அறிவிப்பது திருவருள்' எனப் பகுத்துணர்ந்து ஐந்தெழுத்தை எண்ணுக. இரவில் திருநீறணிந்து அவ்வெழுத்தோடு துயில்க. துயிலும்பொழுதும் துயிலாப்பொழுதும் அதனை நினைக்கவேண்டும் என்பதே ஆளுடைய பிள்ளையாரின் பஞ்சாக்கரத் திருப்பதிகத்தாற் பெறப்படுவது. யாம் இச்சூத்திரத்தை இளமையிற் பாடங்கேட்டு, நாற்பது யாண்டு பிறர்க்கு உரைத்தும், கனவில் ஒருவரோடு வழக்கிட்டுச் சினந்து விழித்த இரவுகள் பல. எம் கல்வி நாவளவில் நின்று, கண்டத்தானத்திற்கும் இறங்கிற்றில்லையே என்று நாணினேம். ஆயினும் கைவிட்டிலேம்.

திருவாலம்பொழிலில் துயின்ற நம்பியாரூரர் கனவில் இறைவன் எழுந்தருளி, மழபாடிக்கு வர மறந்தனையோ என வினவினன் என்பது பெரியபுராண வரலாறு. நம்பிகள் விழித்தெழுந்து காவிரியைக் கடந்து சென்று பாடிப் பணிந்தனர். நினைப்பூட்டுவோன் கனவினும் உறங்கான், மறப்பவர் நாமே.

இறப்பும் கருவிகள் ஒவ்வொன்றாகக் கழல உயிர் கீழிறங்குஞ் செலவேயன்றோ? நாள்தோறும் உறக்கத்தின் வாயிலில் மறப்பவன், அக்கடைசி வாயிலில் நினைப்பன் என்பதற்கு உறுதி யாது? ஆதலின் அன்பர்காள், இன்றைப் பகலிலேயே தொடங்குமின். கனவு நமக்கு ஒவ்வோரிரவும் இறைவன் வைக்குஞ் சிறு தேர்வு. அதில் தேறுதற்குரிய பாடம் நனவிலே உளது. அப்பாடம் முற்றியவழி எய்துவதே சாக்கிரத்தே அதீதம் எனப்படும் நிலையாம்.

திருச்சிற்றம்பலம்