கல்லும் காரியமே

இல்லாத பொருள் தோன்றுதலும், உள்ள பொருள் அடியோடு இல்லாதொழிதலும் இல்லையென்பது சற்காரியவாதம். இதனை விளக்கப் புகுந்த ஆசிரியர்கள் மண்ணையும் குடத்தையும் எடுத்துக்காட்டுவர். ஆண்டு மண் முதற்காரணம், திரிகை முதலியன துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். காரணமாய் நின்ற அம்மண் தான் யாதன் காரியமென ஆராய்வார் சிலரே. அவ்வாராய்ச்சிக்கு நிலநூல் பெரிதும் துணைசெய்கின்றது.

நிலத்தினுள்ளே உருகிய கற்குழம்பு ஆறியிறுகிக் கருங்கல் முதலியனவாகும். அக்கல் வெயிலானும் மழையானும் சிதையுங்கால், அதன்கண் மிக்குள்ள பெல்சுபார் என்னும் கனிப்பொருள் நீரோடு கூடிக் களிமண்ணாய்த் திரியும். எஞ்சிய வலிய துகள்கள் மணலாம். இவற்றை ஆறு கொண்டுசென்று கடலிற் படிவிக்க, மேன்மேற் படிந்த பாரத்தால் மணல் மணற்கல்லாகவும் களி களிக்கல்லாகவும் இறுகும். இவை பின்னும் ஆழ்ந்து வெப்பமும் அழுத்தமும் உறின், களிக்கல் பலகைக்கல்லாகும், சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகும். வெப்பம் மிகின் மீண்டும் குழம்பாகும். ஆகவே, குயவன் கைம்மண்ணும் பண்டு மலையாயிருந்ததே.

மரம் கல்லாதலும் உண்டன்றோ, அஃது இல்லது தோன்றியதாகாதோ எனின், ஆகாது. பாடல்பெற்ற தலமாகிய திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரங்கள் கல்லுருவிற் கிடக்கின்றன. ஆண்டு மரப்பொருளே கல்லாகத் திரிந்திலது. நிலத்தடி நீரிற் கரைந்திருந்த சிலிகா என்னும் பொருள் மரத்தின் நுண்ணிய துளைகளிற் புகுந்து, மரப்பொருள் சிதையச் சிதைய அதனிடத்தைத் தான் கொண்டது. வடிவு மரத்தினது, பொருளோ முன்னரே நீரின்கண் உள்ளது.

இனி, கல் மண்ணாயும் மண் கல்லாயும் சுழன்று வருதலின் உலகம் என்றும் உள்ளதே, அதற்குக் கருத்தா வேண்டா என்று மீமாஞ்சகர் வழிநின்று ஒருவர் வினாவலாம். எடின்பரோ நகரத்து ஜேம்ஸ் ஹட்டனும், 1788-இல் வெளிவந்த தம் ஆராய்ச்சியுரையில், நிலத்தின்கண் தொடக்கத்தின் சுவடும் முடிவின் குறியும் தாம் கண்டிலர் என்றே எழுதினார். பின்னர் 1956-இல் கிளேர் பாட்டர்சன் என்பார் விண்கற்களிலுள்ள ஈயத்தின் வகைகளை அளந்து, நிலவுலகின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டு எனக் கணித்தார். அச்சுழற்சிக்கும் தொடக்கம் உண்டென்பது இதனாற் பெறப்பட்டது.

ஆயினும், இதுகொண்டே சித்தாந்தம் நிறுவப்பட்டதென மகிழ்தல் நமக்குப் பொருந்தாது. நிலநூல் கூறுவது நிலவுலகம் என்னும் ஒரு காரியத்தின் தொடக்கமே. அதற்கு முதலாகிய மாயையைப் பற்றி அஃது ஒன்றும் கூறிற்றிலது. பகுக்கப்படுவதும் அறிவற்றதுமாகிய பொருள் தோற்றமும் ஒடுக்கமும் உடைத்தென்னும் துணிபு கருதலளவையின்மேல் நிற்பது. ஆகலின் அந்நூலார் கணக்கு நாளை திருந்தினும் அத்துணிபிற்கு இழுக்கில்லை.

அவ்வாறே, வெப்பமும் நீரும் செய்வனவற்றை இறைவன் செயலென்று மட்டும் சொல்லி ஆராய்ச்சியை மறித்தலும் தவறாம். அவை திரிகைபோலத் துணைக்காரணங்கள். திரிகை சுழலுமாறு விளக்கியவன் குயவனை மறுத்தவனல்லன். குயவனை உடன்பட்டவன் திரிகையை மறுக்க வேண்டுவதுமில்லை. கல் எவ்வாறு திரிந்தது என்பது நிலநூலார் வினா. அறிவற்ற அப்பொருள் யார் பொருட்டுத் தொழிற்படுகின்றது, யாரால் தொழிற்படுத்தப்படுகின்றது என்பது நம் வினா. இரண்டையும் வேறுபிரித்து அறிந்தவர்க்கு எந்நூலும் பகையாகாது என்க.