மணத்துக்குத் தீட்டு உண்டா?

‘ஜவ்வாது’ அரபியிலிருந்து வந்த சொல். புனுகைக் குறிக்கும் ‘ஸபாத்’ தமிழில் ஜவ்வாதானது. அதே சொல் இத்தாலியில் ‘ஸிபெத்தோ’ ஆனது. இன்று அந்தப் பெயரில் கடையில் கிடைப்பது சந்தனமும் பிற வாசனைப் பொருள்களும் சேர்ந்த பொடி. சொல்லின் வேரில் இருப்பதோ புனுகுப் பூனையின் வாலடிச் சுரப்பியில் ஊறும் கசிவு. உடலின் மற்றக் கசிவுகளைத் தீட்டென்று ஒதுக்கும் சமய மரபுகள் இதை மட்டும் எப்படி ஏற்றன?

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துகிறார்கள். இங்கே வாதத்தைவிட வழக்கமே பேசுகிறது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வாதித்தார்கள். புனுகைப் போலக் கஸ்தூரியும் உடலில் விளைவது, மானின் உடலில். ஆனாலும் வாசனைகளில் சிறந்தது அதுவே என்கிறது நபிமொழி. ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் பழைய அசுத்தம் அதைத் தொடராது என்பது அவர்களில் பலர் காட்டும் நியாயம்.

கஸ்தூரியை ஏற்றவர்களுக்கு ஆல்கஹால் இடறியது. அரபு உலகில் வாசனைக் கலை பழையது: ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதிய வாசனை நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. கன்னோஜ் அத்தரில் பூவின் ஆவி சந்தன எண்ணெயில் இறங்குகிறது. சாராயத்துக்கு அங்கே வேலையில்லை. ஐரோப்பாவில் மணம் ஆல்கஹாலில் கரைந்தது. பிளாரன்ஸில் தொமினிக்கன் துறவியர் நடத்திய சாந்தா மரியா நொவெல்லா மருந்தகம் 1612இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. திருப்பலியிலேயே திராட்சை மதுவை வைத்திருப்பவர்களுக்கு அதில் நெருடல் எழக் காரணமில்லை. இன்று இத்தாலியக் கைத்திறனோடு அரபு ‘ஊத்’ கலந்து வரும் ஸ்பிரே புட்டிகளும் பொதுவாக ஆல்கஹாலில் கரைத்தவையே. (ஊத் வேறொன்றுமல்ல, தமிழர் அறிந்த அகில்.) இஸ்லாத்தில் மது குடிக்க விலக்கானது மட்டுமல்ல, உடையில் பட்டாலும் அசுத்தம் என்பது பெரும்பாலான சட்ட அறிஞர் கருத்து. ஹனபி மரபில் திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து வரும் ஆல்கஹாலுக்குச் சலுகை உண்டு. ஷாபி மரபு பொதுவாகக் கண்டிப்பானது. காயல்பட்டினம், கீழக்கரைக் கடலோர முஸ்லிம்கள் ஷாபிகள், ராவுத்தர்கள் ஹனபிகள். ஒரே சென்ட் புட்டிக்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு தீர்ப்பு வரலாம்.

இந்தியத் தரிசனங்களில் ஒன்றான வைசேடிகம் கேள்வியை வேறு பக்கம் திருப்புகிறது. மணம் மண்ணுக்கு மட்டுமே உரிய குணம். நீர் மணத்தால் அதில் மண்ணின் நுண்துகள் கலந்திருக்கிறது என்று பொருள். அன்னம்பட்டரின் ‘தர்க்கசங்கிரக’மும் மண்ணை மணத்தைக் கொண்டே வரையறுக்கிறது. இந்தக் கணக்கில் ஆல்கஹால் வெறும் வாகனம். குணம் தன் பொருளை விட்டுத் தனியே நடக்காது என்பதும் அந்தத் தரிசனத்தின் விதி. ஆலந்தூரில் மெட்ரோ ஏறியவரின் அத்தர் ஈக்காட்டுத்தாங்கல் வருவதற்குள் பெட்டி முழுக்க மணக்கிறதென்றால், அத்தரே துகளாகப் பரவியிருக்கிறது. பூசைப் பூவை முகரக் கூடாது என்ற வழக்கத்துக்கும் இது பொருந்தி வருகிறது: முகர்ந்த பூ சிறிதளவு நுகர்ந்த பூ.

யார், எப்போது, எதற்காக நுகர்வது என்பதில்தான் சமயங்கள் உண்மையில் கண்டிப்புக் காட்டுகின்றன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வாசனை பூசுவது நபிவழி; அதே மனிதர் ஹஜ்ஜுக்கு இஹ்ராம் உடுத்தியபின் பூசுவது குற்றம். பௌத்தர் புத்தருக்கு நறும்புகை காட்டுவார்கள். எட்டுச் சீலம் காக்கும் நாளில் தம் உடலில் வாசனை பூச மாட்டார்கள். ஆலயத் தூபத்தைப் போல் தன் சுகத்துக்குச் செய்பவன் சமூகத்திலிருந்து விலக்கப்படுவான் என்கிறது விவிலியத்தின் யாத்திராகமம். பொருளின் பிறப்பைவிட அதைப் பூசும் நேரமும் நோக்கமுமே எடைபோடப்படுகின்றன.

புனுகுப் பூனை இப்போது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. புனுகு மணத்தின் மூலமான சிவெட்டோனை ஆய்வகத்திலேயே செய்துவிடுகிறார்கள். அதைச் சுவாமிக்குச் சாத்தலாமா என்பதை ஆகமம் படித்தவர்கள்தான் இனிச் சொல்ல வேண்டும்.